கணினி கேள்வி-பதில்: விண்டோஸ் மாற்ற நாள் குறிக்கும் முன்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதையொட்டி கொங்கு வட்டாரத்து வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

எங்க ஆபீஸ்ல ஒன்பது கம்ப்யூட்டர் இருக்குதுங்க. எல்லாமே விண்டோஸ் 10. சர்வீஸ் பண்றவரு ஒரு ஞாயித்துக்கிழமை வந்து ஒன்பதையும் ஒரேயடியா 11-க்கு மாத்திக் குடுத்தர்றேங்கறாரு. ஒப்புக்கலாமுங்களா? இல்லாட்டி எதுலிருந்து ஆரம்பிக்கோணும்?
— பின்னலாடை ஜாப் ஒர்க் நிறுவன மேலாளர், திருப்பூர்

ஒப்புக்கொள்ளாதீர்கள். வருபவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில் பார்கோடு ஸ்டிக்கர் கோணலாக வருகிறது, டாட் மேட்ரிக்ஸில் டெலிவரி சலான் அடிக்கவில்லை, மெர்ச்சண்டைசருக்கு மெயில் திறக்கவில்லை என்று ஒன்பது மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒரு ஆள் என்ன செய்வார்? ஒன்றை மாற்றி, அதில் வரும் கோளாறைத் தீர்த்துவிட்டால், அந்தத் தீர்வு மற்ற எட்டுக்கும் உதவும். அதனால் முதலில் ஒன்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும்.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். கணினிக்கு ஒரு பக்கம். அதில் என்ன வேலை நடக்கிறது, யார் உட்காருகிறார்கள், பிராசஸர், ரேம், டிஸ்க் என்ன, பின்னால் என்னென்ன வயர் செருகியிருக்கிறது, எந்தெந்த சாப்ட்வேர், அதன் லைசென்ஸ் எண் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். பின்னால் செருகியிருப்பவற்றை நினைவிலிருந்து எழுத வேண்டாம். கணினியைத் திருப்பி வைத்து, பார்த்து எழுதுங்கள். பேட்டர்ன் மென்பொருளுக்கான டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் சிறு யூஎஸ்பி கருவி), பழைய பார்கோடு பிரிண்டர், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி இவையெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். விண்டோஸ் மாறும்போது முதலில் தகராறு செய்பவையும் இவைதான்.

அடுத்து, எது விண்டோஸ் 11 ஏற்கும் என்று பிரிக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போனால் பிராசஸர் பெயர் தெரியும். இன்டெல் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. 8100, 8400 என்றால் எட்டாவது. 10100 என்றால் பத்தாவது. எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்கும். 4570, 6500, 7100 எல்லாம் ஏற்காது. ஏஎம்டி ரைசனில் 2000 வரிசையிலேயே சில சில்லுகள் பட்டியலில் இல்லை என்பதால், மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ரேம் 4 ஜிபி போதும் என்பது கம்பெனிக் கணக்கு. டேலி, எக்செல், குரோம் மூன்றையும் சேர்த்துத் திறப்பவருக்கு 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி ஆக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

பிராசஸர் சரியாக இருந்தும் ஹெல்த் செக் 'முடியாது' என்று சொன்னால் கணினியைத் தள்ளிவிடாதீர்கள். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் 2.0, அசெம்பிள் செய்த கணினிகளில் பல நேரம் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) அணைத்தே இருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருப்பார்கள். அதை இயக்கினால் போதும். இன்னொரு தடை, பழைய லெகசி முறையில் பூட் ஆவது. ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'பயாஸ் மோடு' என்ற வரி வரும். அங்கே லெகசி என்று இருந்தால் டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பிலிருந்து ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, உள்ளே இருப்பதை அழிக்காமல் இதைச் செய்யும். ஆனால் அது பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலும், லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலும் மறுத்துவிடும். நம் பக்கத்துக் கடைகளில் சி, டி, இ, எஃப் என்று வெட்டிக் கொடுத்த டிஸ்க்குகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். அப்போது டேட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, புதிதாக இன்ஸ்டால் செய்வதே நேர் வழி. வரிசையையும் மாற்றாதீர்கள்: பேக்கப், அந்தக் கருவியின் 'வேலிடேட்' சோதனை, டிஸ்க் மாற்றம், அதன் பிறகு பயாஸில் புதிய பூட் முறையான யூஇஎஃப்ஐ, கடைசியில் நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட். டிஸ்க்கை மாற்றும் முன் யூஇஎஃப்ஐ போட்டால் கணினி விண்டோஸுக்கே போகாது.

இனி நாள் குறிப்பது. 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இவை போக மிஞ்சும் 21 முதல் மாதக் கடைசிக்குள் வரும் ஞாயிறு உங்களுக்கு ஏற்றது. ஞாயிறு மாற்றினால் திங்கள் முதல் வெள்ளி வரை குறை தெரியவும் தீர்க்கவும் நேரம் இருக்கும். சனிக்கிழமை வாரச் சம்பளப் பட்டியலுக்குள் சரியாகிவிடும். மார்ச் மாதம், தீபாவளி போனஸ் போடும் வாரங்கள், ஷிப்மென்ட் நெருக்கும் நாட்கள் கூடவே கூடாது. உங்கள் துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது, ஒரு நாள் நின்றாலும் தாங்கக்கூடிய, ஆனால் தினமும் நன்றாகப் புழங்கும் ஒரு கணினி. மெர்ச்சண்டைசர் ஒருவருடையது பொருத்தமாக இருக்கும். முதலாளியுடையது வேண்டாம், கணக்குப் பிரிவுடையதும் வேண்டாம். இரண்டு வாரம் ஓடட்டும். பிறகு இரண்டிரண்டாக மாற்றுங்கள். டேலி டேட்டா இருக்கும் கணினி கடைசி. மற்றவையெல்லாம் முடிந்த பிறகும், விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள பழைய கணினி ஒன்றை, புதியவற்றில் ஒரு மாத ஜிஎஸ்டி, ஒரு சம்பளச் சுற்று, இ-வே பில் எல்லாம் தடங்கலின்றிப் போகும் வரைக்கும் மாற்றாமலே வைத்திருங்கள்.

விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளுக்கு நீட்டிப்பு உண்டு. தனிநபர்களுக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. அதற்கு விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். கணினி செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். டொமைனில் சேர்த்த அலுவலகக் கணினிக்கு இது பொருந்தாது. நிறுவனங்களுக்கான திட்டத்தில் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. மூன்றாண்டும் கட்டினால் 427 டாலர் ஆகிறது. ஆறாம் தலைமுறைக் கணினிக்கு அவ்வளவு செலவழிப்பது எங்கள் பார்வையில் வீண்; அந்தப் பணம் புதுக் கணினிக்குப் போகட்டும்.

விண்டோஸ் 11 போட்டுவிட்டாலும் அதோடு முடிவதில்லை. ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதம்தான் ஆயுள். 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13, 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12. இந்தத் தேதிகளையும் அந்த நோட்டிலேயே எழுதிவையுங்கள்.

ரைஸ் மில் எடைமேடைக் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7-லயே ஓடுதுங்க. எடை காட்டற இன்டிகேட்டர்ல இருந்து வயர் வந்து யூஎஸ்பி கன்வர்ட்டர்ல சேருது. சாப்ட்வேர் எழுதிக் குடுத்தவரு இப்ப இந்தத் தொழில்லயே இல்லை. ஓடிட்டிருக்கறதை எதுக்குத் தொடோணும்?
— அரிசி ஆலை உரிமையாளர், காங்கேயம்

அந்தக் கணினி எடை மட்டும் போடுகிறதா, அதிலேயே இ-வே பில், மெயில், பேங்க் எல்லாம் நடக்கிறதா என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது. குரோம்கூட 109-ஆம் பதிப்போடு, 2023-இல் கைவிட்டுவிட்டது. இன்டர்நெட்டில் வைத்திருக்கத் தகுதியே இல்லாத கணினி அது. எடை மட்டும் என்றால் அது அப்படியே ஓடட்டும், இன்டர்நெட்டை மட்டும் அறுத்துவிடுங்கள். பக்கத்து அறைக் கணினியோடு ஃபைல் பகிர வேண்டும் என்றால், ஐபி முகவரியைக் கையால் கொடுத்துவிட்டு, கேட்வே, டிஎன்எஸ் இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள். உள் நெட்வொர்க் வேலை செய்யும், வெளியே போகாது.

அதே வாரத்தில் அந்த ஹார்டு டிஸ்க்கை குளோன்ஸில்லா கொண்டு ஒரு எஸ்எஸ்டிக்கு அப்படியே படியெடுத்துவிடுங்கள். படியெடுத்த எஸ்எஸ்டியை மாட்டி, கணினி எழுகிறதா, ஒரு லாரியின் எடை வருகிறதா என்று சோதித்த பிறகுதான் அதைப் பேக்கப் என்று சொல்லலாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லையும் மாற்றுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய், எடைச் சீட்டில் தப்பான தேதி அச்சாகும்.

இதெல்லாம் தற்காலிக ஏற்பாடுதான். ஒருநாள் மதர்போர்டு போகும், அதுவும் அறுவடை வரத்து நேரத்தில்தான் போகும் என்று எண்ணிக்கொண்டு, ஓய்வான மாதத்தில் ஒரு விண்டோஸ் 11 கணினியில் இதே ஏற்பாட்டைக் கட்டி ஓட்டிப் பாருங்கள்.

மென்பொருள் எந்தக் காலத்தது என்று பார்ப்பது முதல் வேலை. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் மென்பொருள் ஓடும். டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ போன்ற 16-பிட் நிரல் ஓடாது. எடைமேடை மென்பொருட்கள் நிறைய விஷுவல் பேசிக் 6-இல் எழுதியவை. அவை பிழைத்துக்கொள்ளும், அதற்கான ரன்டைம் விண்டோஸ் 11-இலும் இருக்கிறது. ஆனால் சீரியல் போர்ட்டைப் படிக்கும் எம்எஸ்காம்32 என்ற ஓசிஎக்ஸ் ஃபைல் தனி. பழைய கணினியிலிருந்து அதை எடுத்துப் புதியதின் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டு, அட்மின் உரிமையோடு ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். சிஸ்டம்32-இல் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஃபைல்களின் இடம் சிஸ்வாவ்64.

அடுத்தது யூஎஸ்பி கன்வர்ட்டர். பலவற்றில் ப்ரொலிஃபிக் பிஎல்2303 சில்லு இருக்கும். அதன் பழைய வகைகளுக்கும் போலிகளுக்கும் புதிய விண்டோஸில் டிரைவர் வேலை செய்யாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் விழும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தச் சில்லு வழக்கொழிந்தது என்று செய்தியே வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எஃப்டிடிஐ சில்லு உள்ள கன்வர்ட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் எடை வரவில்லை என்றால், பெரும்பாலும் காம் எண் மாறியிருக்கும். பழைய மென்பொருள் காம்1 அல்லது காம்2-ஐ மட்டும் தேடும்; புது விண்டோஸ் காம்5 என்று கொடுத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பிராப்பர்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணை மாற்றலாம். கன்வர்ட்டரை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் எண் மறுபடி மாறக்கூடும் என்பதால், எந்தத் துளை என்று பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பழைய கணினியில் இருக்கும் பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கையும் இன்றே ஒரு தாளில் குறித்து இன்டிகேட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எடைக்குப் பதில் திரையில் பொருளில்லாத குறிகளாக ஓடினால் இந்த நான்கில் ஒன்று பொருந்தவில்லை என்று அர்த்தம்.

கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைன் பண்றோம். பேஜ்மேக்கர் 7-ல பதினஞ்சு வருச ஃபைல் கெடக்குது. பாமினி ஃபாண்ட்டுதான் பழக்கம். விண்டோஸ் 11 போட்டா தமிழ் எழுத்தெல்லாம் போயிருமுன்னு பயமா இருக்குதுங்க.
— அச்சக உரிமையாளர், கோபிசெட்டிபாளையம்

எழுத்து போகாது. பாமினி போன்றவை சாதாரண ட்ரூடைப் ஃபாண்ட்டுகள். அந்த ஃபைலை எடுத்துப் புது விண்டோஸில் இன்ஸ்டால் செய்தால் முன்போலவே தெரியும். அதனால் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். எந்தப் பத்திரிகைக்கு எந்த ஃபாண்ட் என்று பிறகு தேடுவதைவிட மொத்தமாக எடுப்பது எளிது. பென் டிரைவில் ஒன்று, இன்னொரு கணினியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகை ஃபாண்ட் ஏதாவது இருந்தால் மட்டும் கவனம் தேவை. அடோபி 2023 ஜனவரியோடு அவற்றைக் கைவிட்டுவிட்டது.

உண்மையில் அசைந்துபோவது வேறு இடம். வேர்டில் லதா, விஜயா எழுத்தில் அடித்த ஆவணங்களைப் புதிதாக இன்ஸ்டால் செய்த விண்டோஸில் திறந்தால், அந்த இடத்தில் நிர்மலா வந்து உட்காரும். எழுத்தின் அகலம் வேறு என்பதால் வரி உடைந்து, ஒரு பக்கக் கோட்டேஷன் ஒன்றரைப் பக்கம் ஆகும். லதாவும் விஜயாவும் இப்போது கூடவே வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும் தொகுப்பைச் சேர்த்துவிட்டால் பழைய பக்கம் திரும்பிவிடும்.

தட்டச்சு மென்பொருள் பழையதாக இருந்தால் அதன் நிறுவனத்திடம் விண்டோஸ் 11-க்கான பதிப்பு கேளுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, ஆனால் அது யூனிகோடில் எழுதும். பாமினியில் செய்த பழைய பத்திரிகைக்குள் அது சேராது. புது வேலைகளை யூனிகோடில் தொடங்கிவிடுவது என்று ஒரு தேதி வைத்து மாறிக்கொள்வது நல்லது என்பது எங்கள் உறுதியான எண்ணம். பெயர், ஊர் தேடுவதும் வாட்ஸ்அப்பில் வந்த வாசகத்தை அப்படியே ஒட்டுவதும் அதில்தான் முடியும்.

பேஜ்மேக்கர் கதை தனி. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்பே அதன் கடைசி. சில கணினிகளில் ஓடினாலும் அச்சுக்கு அனுப்பும்போதோ பிடிஎஃப் ஆக்கும்போதோ மக்கர் செய்யும். இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது. அதற்குப் பிந்தையவை திறப்பதில்லை. பழைய ஃபைல் எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தால் ஆயுள் போதாது. மறுபடி கேட்டு வருபவை எவை என்று உங்களுக்கே தெரியும்: சொந்தக் குலதெய்வக் கோயில் அழைப்பிதழ், பில் புத்தகம், லெட்டர் பேடு. அவற்றை மட்டும் எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஆக இப்போதே, பழைய கணினி ஓடும்போதே, எடுத்துவிடுங்கள். மீதிக்கு அந்தப் பழைய கணினியை இன்டர்நெட் இல்லாமல் ஓரமாக வைத்துக்கொண்டால் போதும்.

பயாஸ் அப்டேட் பண்ணேன். இப்ப லேப்டாப்பை ஆன் பண்ணினா நீலத் திரையில 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குது. நான் எந்த லாக்கும் போடவே இல்லையே சார்!
— பொறியியல் மாணவி, பெருந்துறை

நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டிருக்கிறது. 24எச்2 முதல், புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே ஹோம் பதிப்பிலும் டிஸ்க் பூட்டப்படும். பயாஸ் மாறியதும், இது வேறு இயந்திரமோ என்று டிபிஎம் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கிறது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயைப் பாருங்கள். நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் எதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் சாவி.

அங்கே இல்லையென்றால், லேப்டாப்பை முதன்முதலில் யார் செட் செய்து கொடுத்தார்கள் என்று யோசியுங்கள். கடைக்காரர் தன் மெயிலைப் போட்டுத் தொடங்கியிருந்தால் சாவி அவர் கணக்கில் இருக்கும். அண்ணன் கணக்கு, கல்லூரிக் கணக்கு என்று எல்லாவற்றையும் பாருங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது. உடைத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

திறந்ததும் சாவியைத் தாளில் எழுதி சர்டிபிகேட் ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை பயாஸ் அப்டேட்டுக்கு முன், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது. பயாஸ் அப்டேட் வேண்டாம் என்று முடிவெடுத்துவிடவும் கூடாது. செக்யூர் பூட்டுக்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாகவும் தயாரிப்பாளரின் பயாஸ் வழியாகவும்தான் வருகின்றன.

ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை செய்யறேன். டேலி, டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் ரெண்டும் இருக்கற கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் 11 போடப் போறாங்க. என்னென்ன எடுத்து வைக்கோணுமுங்க?
— கணக்காளர், பொள்ளாச்சி

டேலியில் ஃபார்மேட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். லைசென்ஸ் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. சரண்டர் செய்யாமல் அழித்தால் திரும்ப ஆக்டிவேட் செய்ய அலைய வேண்டிவரும். சீரியல் எண்ணும், எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது என்பதும் கையில் இருக்கட்டும். அந்த மெயில் போன வருடம் வேலையை விட்டுப்போனவருடையதாக இருந்தால், இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

டேலி பேக்கப் எடுத்தாலும், எல்லாக் கணினியிலும் டேலியை மூடிவிட்டு டேட்டா ஃபோல்டரையும் அப்படியே காப்பி எடுங்கள். கம்பெனிக்கு ஒன்றாக எண் பெயரிட்ட ஃபோல்டர்கள் இருக்கும். அவற்றோடு டேலி.ஐஎன்ஐ ஃபைலும், டேலியை உங்கள் தேவைக்கேற்ப மாற்றக் காசு கொடுத்து எழுதி வாங்கிய டிடிஎல் ஃபைல்களும் சேர வேண்டும். டிடிஎல்லை மறப்பவர்கள் அதிகம். அது போனால் இன்வாய்ஸ் வடிவம் போய்விடும். இன்னொரு கணினியில் ஒரு கம்பெனியைத் திறந்து, டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஃபார்மேட்டுக்குச் சம்மதியுங்கள்.

டிஎஸ்சியில் காப்பி எடுக்க எதுவும் இல்லை. சாவி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. புது விண்டோஸில் அந்த டோக்கனுக்குரிய டிரைவர், பிறகு ஜிஎஸ்டி கையொப்பத்துக்கான இஎம்சைனர் போட்டால் போதும். டோக்கன் தெரியவில்லை என்று அதன் மென்பொருளில் இருக்கும் 'இனிஷியலைஸ்' பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள். சான்றிதழ் அழிந்து, புதிதாகத்தான் வாங்க வேண்டிவரும்.

ஸ்கூல் லேப்ல இருபது கம்ப்யூட்டர், எல்லாம் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். நிர்வாகம் புதுசு வாங்கறதா இல்லை. லினக்ஸ் போடலாமுங்களா?
— கணினி ஆசிரியர், நாமக்கல்

தாராளமாக. லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இதற்குப் பொருந்தும். 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேமில் ஓடும், ஹார்டு டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டி ஆக்குங்கள். பிளஸ் ஒன் பாடத்திலேயே உபுண்டு இருக்கிறது; சி++, பைத்தான், லிப்ரே ஆபீஸ் எல்லாம் இதில் உண்டு. இப்போது ஒரே கணினியில் போட்டு, நடைமுறைத் தேர்வுக்கான பயிற்சிகள் அத்தனையையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். லேப் பிரிண்டர், புரொஜெக்டர், தமிழ் 99 தட்டச்சு மூன்றையும் அதிலேயே சோதியுங்கள். சரியாக அமைந்த அந்த டிஸ்க்கை குளோன்ஸில்லாவால் மற்ற பத்தொன்பதுக்கும் மே மாத விடுமுறையில் படியெடுக்கலாம். படியெடுத்தபின் ஒவ்வொன்றுக்கும் ஹோஸ்ட் பெயரை மாற்ற மறக்காதீர்கள்.

லினக்ஸிலும் நாள் குறிக்கத்தான் வேண்டும். மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும். பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் ஆகஸ்டில் வரும் முதல் திருத்தப் பதிப்புக்குப் பிறகுதான் மாறச் சொல்லி அழைப்பு வரும். பள்ளிக்கு அது நடுக் கல்வியாண்டு. அப்போது தொடாமல் அடுத்த மே மாதம் மாறுங்கள். அதுவரை பழையதற்குப் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும். மாறும்போது அதிகம் தடுக்கி விழும் இடம், தனியாகப் பிரித்த பூட் பார்ட்டிஷன் பழைய கெர்னல்களால் நிரம்பியிருப்பது. 'ஆட்டோரிமூவ்' கட்டளையால் அவற்றை முதலில் நீக்குங்கள். வெளியிலிருந்து சேர்த்த பிபிஏ எனும் மென்பொருள் மூலங்களையும் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 24எச்2 போட்டதிலிருந்து ஜெராக்ஸ் மெஷின்ல ஸ்கேன் பண்றது கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு வரவே மாட்டேங்குதுங்க.
— நகலகம் நடத்துபவர், கோவை காந்திபுரம்

24எச்2-இன் ப்ரோ பதிப்பு, கையொப்பமில்லாத நெட்வொர்க் பகிர்வையும் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவையும் ஏற்பதில்லை. கணினியில் 'ஸ்கேன்' என்று தனிப் பயனர் ஒருவரைப் பாஸ்வேர்டோடு உருவாக்கி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்து, அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷினின் முகவரிப் புத்தகத்தில் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மெஷின் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை மட்டும் பேசுகிறது. பாதுகாப்பைத் தளர்த்தாமல், மெயிலுக்கோ பென் டிரைவுக்கோ ஸ்கேன் செய்யும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோவுல இன்டெல் ஐமேக் இருக்குதுங்க. இன்னும் எத்தனை வருசம் ஓட்டலாம்?
— புகைப்படக் கலைஞர், உடுமலைப்பேட்டை

இன்டெல் சில்லுக்கான கடைசி மேக்ஓஎஸ், டஹோ 26 என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதுவும் இன்டெல் மாடல்களில் சிலவற்றுக்குத்தான். நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்பு அப்டேட் தருவது ஆப்பிளின் வழக்கம். டஹோ ஏற்கும் ஐமேக் என்றால் 2028 வாக்கில் மாற்றும்படி பணம் ஒதுக்கலாம். ஏற்காததென்றால் அதற்கு முன்பே.

அப்டேட் பாதியில இருக்கும்போது கரண்ட் போயிருச்சு. திரும்ப வந்து பழைய விண்டோஸுக்கே போயிருச்சுங்க. மறுபடி பண்ணினா ஏதோ நம்பர் காட்டி நிக்குது. என்ன பண்ணலாம்?
— உரக்கடை உரிமையாளர், சத்தியமங்கலம்

பழையதற்குத் திரும்பியது நல்ல அறிகுறி. டேட்டா பத்திரமாக இருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள். 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை. சி டிரைவில் 30 ஜிபியாவது காலி செய்யுங்கள். சி1900101 என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர பிரிண்டர், பில்லிங் ஸ்கேனர், டாங்கிள், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளி நிறுவன ஆன்ட்டிவைரஸையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை என்று வந்தால், 100 எம்பி கொண்ட அந்தச் சிறு பகுதி நிரம்பியிருக்கிறது. அதைத் தெரிந்தவரை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

சாதாரண 600 விஏ யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அப்டேட்டோ ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடலாம். இன்வெர்ட்டர் லைனில் போட்டுச் செய்யுங்கள். விண்டோஸ் மாற்றம் பாதியில் நின்றால் பெரும்பாலும் பின்னோக்கித் திரும்பிவிடும். பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால் மதர்போர்டே போகக்கூடும். அதை மின்தடை அறிவித்த நாளில், மழைக்காற்று வீசும் மாலையில் தொடங்கவே வேண்டாம்.

மாறி முடிந்ததும் பத்து நாள் வரை பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். செட்டிங்ஸில் ரெக்கவரியில் 'கோ பேக்' இருக்கும். சீசன் நேரமாக இருந்தால், அந்தப் பத்து நாளுக்குள்ளேயே டிஸ்ம் கட்டளையால் அதை 60 நாளாக நீட்டிக்கலாம். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும் வரைதான் இந்த வழி. இடம் வேண்டும் என்று டிஸ்க் கிளீனப்பில் அதை டிக் செய்து அழித்துவிடாதீர்கள்; டவுன்லோட்ஸ் ஃபோல்டரை முதலில் காலி செய்யுங்கள்.